அண்ணன் அறுத்த மாவுக்கட்டு

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது. இந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வந்து அண்ணனை நான் ஏசின ஏச்சுல, அம்மா அடுக்களையை விட்டு வெளியவே வரலை.

அண்ணன் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி டெம்போ ஓட்டுதான். மே மாசக் கடைசியில மூட்டை சரிஞ்சு விழுந்து, இடது முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சது. டாக்டர் மாவுக்கட்டு போட்டு, மூணு மாசம் காலை ஊனவே கூடாதுன்னார். ஆனியில சாரல் விழுந்தது. குத்தாலத்துல சீசன் தொடங்கிட்டா எங்க ஊர்க்காரங்களுக்கு வீட்டுல இருப்புக் கொள்ளாது. அருவித் தண்ணி விழுந்தா மேல்வலி, கால்வலி எல்லாம் போயிரும்னு நம்பிக்கை வேற. இவன் கட்டைத் தானே அறுத்துப் போட்டுட்டு, கூட்டாளி தோளைப் பிடிச்சுக்கிட்டு ஐந்தருவியில போய் நின்னுருக்கான்.

அஞ்சு மாசம் ஆகியும் எலும்பு கூடலை. எக்ஸ்ரேயில ரெண்டு முனையும் தனித்தனியா நிக்குது. இனி கிளட்ச் மிதிப்பானான்னு டாக்டராலயே உறுதியாச் சொல்ல முடியலை.

இதுல எரிச்சல் என்னன்னா, சென்னையில என் வேலையே எலும்பு வளர்க்கதுதான். எலும்பு விட்டுப்போன இடத்துல, கொத்தனார் சாரம் கட்டுத மாதிரி பொடித்துளை உள்ள ஒரு சட்டம் வைப்போம். அதுல எக்சோசோமை ஏத்துவோம். ஒரு உயிரணு இன்னொரு உயிரணுவுக்குச் சேதி வச்சு அனுப்புத குட்டிப் பொட்டலம் அது. இங்கன எலும்பைக் கட்டுன்னு சொல்லும். முயலுக்கு வச்சுப் பாத்ததுல எலும்பு கூடிருச்சு. மனுசனுக்கு வைக்க இன்னும் எத்தனையோ சோதனை, அனுமதி. சொந்த அண்ணன் கால் கண்ணு முன்னால கெடக்கு, என்னால ஒரு மண்ணும் செய்ய முடியலை.

"டாக்டர் அவ்வளவு சொல்லியும் ஏம்ணே அறுத்த?"ன்னு கத்தினேன்.

அவன் காலைத் தடவிக்கிட்டே சொன்னான்: "பொங்கலுக்கு வந்தப்ப நீதானட்டி சொன்ன, முயலுக்கு எலும்பு வளர்த்துட்டோம், அடுத்து மனுசனுக்குத்தான்னு. கூடலைன்னா தங்கச்சி பாத்துக்கிடுவான்னு நெனச்சேன்."

சொன்னேன்தான். சொந்தக்காரங்க நிறைஞ்ச வீட்டுல பெருமைக்குச் சொன்னேன். அதுக்கு இன்னும் எத்தனை வருசம் ஆகும்ங்கிறதை மட்டும் விட்டுட்டேன். அதுக்கு மேல அவனை என்னத்தை ஏச. பக்கத்துல உக்காந்து, "அது இன்னும் முயலோடதான் நிக்குண்ணே"ன்னு மெதுவாச் சொன்னேன்.

"பரவால்லட்டி. முயலுக்கு வச்சதையே கொண்டுட்டு வா"ன்னான்.