மூன்று இருபதிலிருந்து மூன்று ஐம்பது வரை

அந்த ஜப்பானிய நாவலை அண்ணனிடம் கொடுத்தது நான்தான். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, அதை நான் சேலை கட்டிக்கொண்டு செய்தேன்.

அப்போது மதினி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மதினி என்றால் அண்ணன் மனைவி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணனுக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி வேலை. நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை; கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று மிச்சமிருந்த உறவு அண்ணன் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சாப்பிடுவார், பேசமாட்டார். அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல்தான், பள்ளி நூலகத்துக்கு வந்திருந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலை அவர் கையில் திணித்தேன். காலத்தில் பின்னோக்கிப் போகிறவர்களின் கதை. நான் இரண்டு நாளில் படித்து அழுது முடித்திருந்தேன். அவரும் கொஞ்சம் அழுதால் நல்லது என்று நினைத்தேன்.

கதை நடப்பது கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில். அங்கே மூடிப்போன தபால் நிலையம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கும். கழிந்துபோன ஒரு நாளுக்குத் திரும்பிப் போக நினைப்பவர் அந்த நாளை விடிந்ததிலிருந்து பொழுது அடைந்தது வரை எழுதி அந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும். கால் மணி நேரம்கூட விடக்கூடாது. தான் இல்லாத இடத்தில் நடந்ததை, அங்கே இருந்தவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். அவர்களில் யாராவது பொய் சொல்லியிருந்தால், போனவர் அந்தப் பொய்க்குள் போய் மாட்டிக்கொள்வார், திரும்பி வரமாட்டார். மகனைக் கடலுக்குக் கொடுத்த படகோட்டி, தங்கையோடு கடைசிவரை பேசாமலே இருந்துவிட்ட தையல்காரி, மாணவன் ஒருவனை மழையில் வெளியே நிறுத்திய வாத்தியார் என்று ஒவ்வொருவராக வந்து எழுதுகிறார்கள். வாத்தியாருக்காக நான் இரண்டு கைக்குட்டை நனைத்தேன். இனம் இனத்தோடுதானே சேரும்.

படித்து முடித்த வாரம் அண்ணன் ஒரு நீள நோட்டோடு வந்தார். முதல் பக்கத்தில் மதினி இறந்த நாளின் தேதி. அது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, இயேசு சிலுவையில் இறந்த நாள்.

"என்னண்ணே இது?"

"அந்த நாளை எழுதிப் பாக்குறேன்."

"அது கதைண்ணே."

"கதைன்னு தெரியாத அளவுக்கு நான் லூசு இல்ல பாப்பா. எங்கயும் போகப் போறதில்ல. எழுதிப் பாக்குறேன், அம்புட்டுத்தான்."

நோட்டில் கோடு போட்டிருந்த விதம்தான் என்னை உறுத்தியது. மில்லில் ஒரு மெஷின் நின்றால் அது எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு ஓடியது, நின்ற காரணம் என்ன என்று மூன்றையும் எழுத வேண்டும். காரணம் எழுதாத பக்கத்தில் அடுத்த ஷிப்ட் மேஸ்திரி கையெழுத்துப் போடமாட்டார். முப்பது வருடமாக அண்ணனுக்கு அதுதான் பிழைப்பு. அந்தக் கட்டங்களையே மதினியின் கடைசி நாளுக்கும் போட்டிருந்தார். கடைசிக் கட்டத்தின் தலைப்பில் 'காரணம்' என்று அழகாக எழுதியிருந்தார்.

காலை ஐந்து மணிக்கு மதினி எழுந்தது, ஒருசந்தி என்பதால் காப்பிகூடக் குடிக்காதது, இவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தது, இவர் மில் பஸ் ஏறியது எல்லாம் முதல் வாரத்திலேயே ஏறிவிட்டன. ஒருசந்தி என்றால் எங்கள் வீடுகளில் ஒரே ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் கோயிலில் வழிபாடு முடிந்து ஊற்றும் கஞ்சிதான். மதியத்துக்கு மேல் நடந்ததை என்னிடம் கேட்டார். இரண்டரைக்கு மதினி என் வீட்டுக்கு வந்தார், சேர்ந்து கோயிலுக்கு நடந்தோம், மூன்று மணிக்கு வழிபாடு ஆரம்பித்தது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாம் உண்மை.

"மூணு இருபதுக்கு?"

"இயேசுவோட பாடுகளின் வரலாறு வாசிச்சோம். நான் வாசிக்க மேல பீடத்துக்குப் போயிட்டேன்."

"அவ?"

"தூண்கிட்ட உக்காந்திருந்தாங்க. மூணு அம்பதுக்கு வாசிச்சு முடிச்சு வந்து பாக்குறேன், திடீர்னு சரிஞ்சுட்டாங்க."

அவர் மூன்று இருபதிலிருந்து மூன்று ஐம்பது வரை காலியாக விட்டார். பேனாவை மூடி, "தூண்கிட்ட வேற யாரு இருந்தா?" என்றார்.

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. மூன்று இருபதுக்கு ஒரு நிமிடம் முன்னால், நான் எழுந்திருக்கும்போது, மதினி என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஏத்தா, நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. தாடையெல்லாம் இழுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றார். கை சில்லென்று இருந்தது. நான் சொன்னேன்: "வெறும் வயிறு மதினி, வாயு அடைக்குது. ஒருசந்தின்னா அப்பிடித்தான் இருக்கும். செத்த நேரம் பொறுங்க, வாசிச்சுட்டு வந்துர்றேன்."

அந்த வருடம்தான் வரலாற்றின் நீளமான பகுதி எனக்குக் கிடைத்திருந்தது. ஆறு வருடமாக அதை வாசித்த இன்னொரு டீச்சர் மாற்றலாகிப் போயிருந்தார். ஒரு மாதம் வீட்டில் வாசித்துப் பழகினேன். கோயில் முழுக்க நின்றுகொண்டு கேட்டது. மதினி மட்டும் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது மேலேயிருந்து தெரிந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையாகப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்படித்தான் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலி எப்ப ஆரம்பிச்சது?" நான் "இப்பத்தான் டாக்டர், திடீர்னு" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நாக்கு தானாகப் போய் நின்ற இடம் அது. ஐந்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அந்த அரை மணிதான் எல்லாம் என்று ஒரு வாரப் பத்திரிகையில் டாக்டர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பத்திரிகையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குப் பயம்தான். அண்ணன் இப்போது பேச ஆரம்பித்திருந்தார், அதுதான் கொடுமை. சோற்றில் கை வைத்துக்கொண்டே, இந்த வாரம் கோயில் உபதேசியாரைப் பார்த்தேன் என்பார். அவர் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்ததால் ஒன்றும் பார்க்கவில்லையாம். அடுத்த வாரம் ஆட்டோக்காரர். வண்டியில் ஏற்றும்போது மதினிக்குச் சேலை நனையும் அளவு வேர்த்திருந்தது என்று அவர் சொன்னாராம். "திடீர்னு சரிஞ்சவளுக்கு அம்புட்டு வேர்வை எப்பிடி பாப்பா?" என்று கேட்டார். கோடை காலம் என்றேன். சரி என்று எழுதிக்கொண்டார். வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வைக்கவா என்றால் தலையாட்டுவார்.

நாவலை மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் தடவை கண்ணிலேயே படாத ஒருத்தி அதில் இருந்தாள். படகோட்டியின் பக்கத்து வீட்டுக்காரி. ஒன்றரைப் பக்கம்தான் வருகிறாள். மகன் கடலுக்குப் போகும் முன் உன்னிடம் ஏதாவது சொன்னானா என்று படகோட்டி கேட்கிறான். ஒன்றும் சொல்லவில்லை என்கிறாள். அவன் அதை எழுதிக்கொண்டு போகிறான், திரும்பி வரவில்லை. அவள் மீன் காயப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஆசிரியர் எழுதவே இல்லை. எனக்கு அந்த ஆசிரியர் மீது ஆத்திரமாக வந்தது. வாத்தியாருக்காக அழுத நான் யார் என்று அந்த ஒன்றரைப் பக்கத்தில் தெரிந்துபோனது. அண்ணன் எந்த ஜன்னலுக்கும் போகப் போவதில்லைதான். ஆனால் இரண்டு வருடமாக அவர் என் பொய்க்குள்தான் குடியிருந்தார்.

"தூணுக்குப் பின்னால நின்னது யாருன்னு தெரிஞ்சுருச்சு," என்றார் ஒரு ஞாயிறு. "பூக்கட்டுற அம்மா. இப்ப ரெட்டியார்சத்திரத்துல மக வீட்டுல இருக்காங்களாம். புதன்கிழமை லீவு போட்டுப் போய்ப் பாக்கப் போறேன்."

அந்தம்மாவுக்குக் காது கூர்மை. அந்த வாரம் முழுக்க நான் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது. அந்தம்மாவுக்கு முன்கூட்டியே போன் செய்யலாமா என்றுகூட யோசித்தேன். என் புத்தி அவ்வளவு தூரம் போனது. நம்பர் கிடைக்கவில்லை, அதனால் செய்யவில்லை, மனசாட்சியால் அல்ல.

ஞாயிறு வந்தார். முகம் கழுவினார், உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அந்தம்மா பேச்சு எதையும் கேக்கலையாம். நாத்துனாவும் மதினியும் என்னமோ குசுகுசுன்னு பேசுனாங்கன்னு மட்டும் சொன்னாங்க. ஆனா நீ மேல போன பிறகு அவ பையில இருந்து போனை எடுத்துக் காதுல வச்சதப் பாத்திருக்காங்க."

எனக்கு உயிர் வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், சந்தோஷமாகவே இருந்தது.

"எனக்குத்தான் அடிச்சிருக்கா. மூணு இருபத்தஞ்சு. என் போன்ல அந்த மிஸ்டு கால் இன்னும் இருக்கு. ஏதோ சாயந்திரம் வாரப்ப வாங்கிட்டு வரச் சொல்லக் கூப்பிட்டிருப்பான்னு இத்தன நாளா நினைச்சேன். மில்லுல போனை வாசல்லயே பெட்டியில போட்டுட்டுத்தான உள்ள போவோம். சொல்ல ஒரு ஆளில்லாம எனக்கு அடிச்சிருக்கா பாப்பா. நான் எடுக்கல."

காலியாக இருந்த அரை மணி நிரம்பியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில், மில் நோட்டில் எழுதும் அதே குண்டுக் கையெழுத்தில், 'நான் எடுக்கவில்லை' என்று இருந்தது. கீழே கையெழுத்தும் போட்டுவிட்டார். அவர் அழவில்லை. கணக்கு சரியாக வந்துவிட்டவர் மாதிரி அமைதியாக இருந்தார். அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. இந்த மனிதர் இதை வைத்துக்கொண்டு அதிக நாள் இருக்கமாட்டார் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு சோறு போட்டால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. அண்ணன் ஞாயிறுதோறும் வருவார், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோவார்.

"அண்ணே, காரணம் நீங்க இல்ல."

"ஆறுதல் சொல்லாத பாப்பா."

"ஆறுதல் இல்ல. மதினி என்கிட்ட சொன்னாங்க."

சொன்னேன். மணிக்கட்டைப் பிடித்தது, கல், தாடை, ஒருசந்தி, வாயு, செத்த நேரம், டாக்டரிடம் சொன்னது, எல்லாம். நான் முடித்ததும் அவர் பேனாவைத் திறந்தார். 'நான் எடுக்கவில்லை' மீது ஒரே ஒரு கோடு போட்டார்.

"அவ சொன்னத இன்னொரு தடவ சொல்லு. அப்பிடியே சொல்லு."

சொன்னேன். எழுதினார்.

"நீ சொன்னது?"

அதையும் சொன்னேன். அதையும் எழுதினார். காரணம் கட்டத்தை மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டு நோட்டை மூடினார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. எழுந்து போய்க் கையைக் கழுவினார், சாப்பிடாத கையை.

செருப்பு மாட்டும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவ யாரும் இல்லாம போகல, எந்தங்கச்சி பக்கத்துல இருந்தான்னு நினைச்சுக்குவேன். ரெண்டு வருசமா அத வச்சுத்தான் பாப்பா தூங்குனேன்."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. நான் இரண்டு பேருக்குச் சமைத்திருந்தேன்.