பேசிப் பேசியே தீரும் பேட்டரி

கண் தெரியாதவர்களுக்குக் கருவி பழக்கிவிடுகிற வேலையில் பாதி நேரம் பழக்குவதில் போகும், மீதி நேரம் பிளக் பாயிண்ட் தேடுவதில் போகும். எனக்கும் கண் தெரியாது என்பதால் தேடல் இன்னும் கொஞ்சம் நீளம். அவசரமாக ஒரு போன் பேச வேண்டிய நேரம் பார்த்துச் சார்ஜ் தீர்ந்து நின்றவரா நீங்கள்? வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

கூட வரும் அம்மா

எங்கள் கருவி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. வெள்ளைக் குச்சியில் மாட்டிக்கொண்டு நடந்தால், எதிரே மாடு, மின்கம்பம், நிறுத்தி வைத்த லாரி எது இருந்தாலும் அதிர்ந்து சொல்லும். அதுவரை நல்ல பிள்ளை. சார்ஜ் குறைந்ததும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கிளம்பும்: "பேட்டரி குறைவு. உடனே சார்ஜ் செய்யவும்." சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். சொல்லச் சொல்ல இருக்கிற சார்ஜும் தீரும். உடம்பு முடியவில்லை என்று வீடு வீடாக நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொள்கிற ஆள் மாதிரி.

ஒரு நாள் காலை கொண்டப்பநாயக்கன்பட்டியில் டவுன் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். குச்சி என் கையில் இருந்தாலும், கருவி இருந்த பக்கம் யாரோ ஒருவருடைய மூட்டைக்கு அடியில் போய்விட்டது. அணைக்க வழியில்லை. கருவிக்குள் இருக்கும் அம்மா ஆரம்பித்துவிட்டார். நான் ஒன்றும் தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். அது எனக்கு எப்போதும் கைவராத கலை. கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், உங்களுக்கு பாஸ் இருக்குது, சரி. கூட வர்ற அம்மாவுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?"

பீரோவில் ஒரு வாரம்

சுமதி வெண்ணந்தூர்ப் பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. எங்களிடம் வந்து குச்சி பழகியவள். ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் போன் எடுத்துப் பேசும் வேலை கிடைத்தது. அவளுடைய அப்பா பெரியசாமி வீட்டிலேயே விசைத்தறி ஓட்டுகிறவர். மகளைத் தனியாக வாசல் தாண்ட விட்டதில்லை. நான் பேசிப் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை காலை, கருவியை மாட்டிக்கொண்டு சுமதி தனியாகப் பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டால் வேலை. பாதியில் தடுமாறினால் திரும்பி வீடு, அத்தோடு பேச்சே இல்லை. பழகிக்கொள்ளச் சொல்லி ஒரு கருவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போனால் பெரியசாமி பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. துண்டில் சுற்றிய கருவியை எடுத்து என் கையில் வைத்தார். தடவிப் பார்த்தேன். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை, மேலே விபூதி வேறு. "எடுத்தா சார்ஜ் எறங்கிருமுங்க, அதான் பத்திரமா வச்சிருக்கறன்" என்றார். ஆனால் சார்ஜ் பத்திரமாக இருக்கிறதா என்று தினமும் கவரோடு, மிச்சச் சார்ஜைச் சொல்லும் பொத்தானை அமுக்கிக் கேட்டிருக்கிறார். அவருடைய மனைவி கேட்டிருக்கிறார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு முறை கேட்டிருக்கிறார்கள். கேட்டே பாதியைக் காலி பண்ணிவிட்டார்கள். சுமதி உள்ளேயிருந்து சொன்னாள்.

"சார், ஊட்டுல எல்லாரும் நல்லாப் பழகிட்டாங்க. நான் ஒருத்திதான் பாக்கி."

பேசும் போன்

மகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று பெரியசாமி தன் போனையும் நோண்டியிருக்கிறார். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அமுக்கினாரோ, நாங்கள் பயன்படுத்தும் பேசும் வசதி அதில் உயிர்பெற்றுவிட்டது. தெரிந்தவர்களுக்கு அது வரம். தெரியாதவர்களுக்கு அது வீட்டோடு வந்த வில்லங்கம். பேரைத் தொட்டால் பேரைப் படிக்கும், கூப்பிடாது. குறுஞ்செய்தி வந்தால் ஊருக்கே வாசிக்கும். செல்போன் கடைக்காரர் போராடிப் பார்த்துவிட்டு, புதுப் போன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கைவிரித்துவிட்டாராம்.

அந்த வீட்டில் அதை அணைக்கத் தெரிந்த ஒரே ஆள் சுமதி. அவளுக்கு ஒரு நொடி வேலை. "நிபந்தனை இல்லாம வேலைக்கு உடுங்கப்பா, அணைச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டாள். பெரியசாமியும் இறங்கவில்லை, போனும் வாயை மூடவில்லை. என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்கும் அணைக்கத் தெரியும். ஆனால் நான் வாய் திறப்பேனா?

"நீங்களே சொல்லுங்க சார், இது நான் பெத்த பொண்ணா, தறிக்காரங்க சங்கமா?"

கரண்ட் இல்லாத திங்கட்கிழமை

சுமதி அந்தத் தெருவைப் படித்தது தறிச் சத்தத்தை வைத்து. ஒவ்வொரு வீட்டுத் தறிக்கும் ஒரு தாளம். அவளுக்கு அதுதான் வழிகாட்டி, கருவி துணைக்கு. நான் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் காத்திருப்பது, பெரியசாமி வீட்டைவிட்டு நகரக்கூடாது என்பது ஏற்பாடு. டீ கையில் வந்தது. ஒன்பது அடித்ததும் தெரு முழுக்கத் தறிகள் ஒரே மூச்சாக நின்றன. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. எல்லாவற்றையும் யோசித்த எனக்கு இது மட்டும் தோன்றவில்லை. டீயைப் பெஞ்சில் வைத்தேன்.

அந்த அமைதியில் தூரத்திலிருந்து கேட்டது: "பேட்டரி குறைவு. உடனே சார்ஜ் செய்யவும்." ராத்திரி பூராவும் சார்ஜ் போட்டால் வெடித்துவிடும் என்று பெரியசாமி பிடுங்கி வைத்திருக்கிறார். குரல் நெருங்கி வந்தது. நடுத்தெருவில் அதுவும் நின்றது. தறியும் இல்லை, கருவியும் இல்லை. ஓடிப்போகலாம் என்றால் நான் ஓடி எங்கே மோதுவது? போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். சத்தியமாக அழுகை வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் குச்சி மட்டும் டக், டக்கென்று கிளம்பியது. மெதுவாக, ஆனால் நேராக. கூடவே, கொஞ்சம் பின்னால், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. குச்சி நின்றால் செருப்பும் நிற்கும், நடந்தால் நடக்கும். குச்சி டீக்கடைப் பெஞ்சில் வந்து முட்டியது. "வந்துட்டேன் சார்" என்றாள். ராசிபுரம் பஸ்ஸும் வந்து நின்றது. அவள் படியில் கால் வைக்கும்போது, பின்னாலிருந்து ஒரு சட்டைப் பை உரக்கச் சொன்னது: "பேட்டரி பத்து சதவீதம்."

சுமதி படியிலிருந்தே திரும்பினாள்.

"அப்பா, ஊட்டுக்குப் போங்க, கரண்ட் வந்ததும் போனைச் சார்ஜ் போடுங்க. நான் சாயங்காலம் வந்து அணைச்சுத் தாரேன்."

இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: எந்தக் கருவியானாலும் உதவி செய்யச் சார்ஜ் இருக்காது, காட்டிக்கொடுக்க மட்டும் கடைசி வரை இருக்கும்.