மேற்கே பார்த்து உடைத்த தேங்காய்

எதிர்வீட்டு மருமக கோவிச்சுக்கிட்டுப் போன கதை இருக்கட்டும் கண்ணு, அதை நாளைக்குப் பேசிக்கலாம். நீ முதல்ல இப்படி வந்து உக்காரு. எங்களுக்கு ஊரு கெடைச்சிடுச்சு! ஆமா, ஊருதான். எங்க மாமனாரோட அப்பா பொறந்த ஊரு. கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? என் பேரன் கட்டிக்கிட்டு வந்த தூத்துக்குடிப் புள்ள.

நீயே எத்தனை தடவை கேட்டிருக்க, "ஏன் அவ்வா, கொள்ளுப்பேத்திக்கு இன்னும் மொட்டை போடலையா, முடி கண்ணுல விழுதே"ன்னு. நீ கேட்டா பரவால்ல. அவ அம்மா போற கம்பெனி பஸ்ஸுல ஒருத்தி தினம் கேக்குறாளாம். சம்பந்தியம்மா போன் பண்ணா, சாப்பிட்டீங்களான்னு கேக்கறதுக்கு முன்னாடி முடியைத்தான் கேக்குறாங்க. "மூணு வயசு முடியப்போவுது. ஒங்க சாமியக் காணும்னா எங்க கடக்கரைக் கோயில்ல எறக்கிருவோம்"னு. அவங்க சொல்றதும் நியாயந்தான். மூணு தாண்டினா அப்புறம் அஞ்சுலதான் போடணும். ஆனா முதல் முடி குலசாமிக்கு இல்லையா? என் புள்ளைங்களுக்கு அகப்பட்ட கோயில்ல எறக்கிட்டு, "தாயே, நீ எங்க இருக்கியோ, மன்னிச்சுக்கோ"ன்னு கும்பிட்டுட்டு வந்தோம். இவளுக்காவது அந்தத் தாயி முன்னாடியே எறக்கணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன்.

சாமி எங்கன்னு தெரியணும்னா ஊரு தெரியணுமே. எங்க மாமனாரோட அப்பாவை, சின்னதுலயே தாய் தகப்பன் காய்ச்சல்ல போயிட்டாங்கன்னு, தாய்மாமன் தோள்ல தூக்கிட்டு வந்து தேன்கனிக்கோட்டை பக்கத்துல வளத்தாராம். ஊரு பேரைச் சொன்னா பையன் திரும்ப ஓடிருவான்னு மாமன் கடைசி வரைக்கும் வாயைத் தொறக்கல. அந்தப் பையனுக்கு நெனப்புல இருந்தது ஒரு ஏரி, ஏரிக்கரையில ஒரு அம்மன், பக்கத்துல புலியை ஈட்டியால குத்துற ஆளு செதுக்குன கல்லு. அந்த மாதிரி கல்லு நம்ம பக்கம் எத்தனையோ கெடக்கு, எதைன்னு தேடுவ?

மாமன் ஒண்ணு மட்டும் சொல்லிக்குடுத்தாரு. பொங்கலன்னிக்குப் பொழுது எறங்கறப்ப மேக்கே பாத்து ஒரு தேங்கா உடைக்கணும், உங்க சாமி அந்தப் பக்கம்னு. ஊரே காலையில கிழக்கே பாத்துப் பொங்கல் வெக்கும். நாங்க சாயங்காலம் திரும்பி நின்னு தேங்காயும் கையுமா நிப்போம். நான் வந்த புதுசுல என் நாத்தனாரு சிரிப்பா, "எங்க சாமி மட்டும் சாயங்காலந்தான் கண்ணு முழிக்கும் அண்ணி"ன்னு.

அப்புறம் என் புள்ளைக்கு ஓசூர்ல வேலை கெடைச்சு இங்க வந்தோம். இங்கயும் அதே மேக்குதான். இங்கிருந்து மேக்கே போனா என்ன வரும்? ஆனேக்கல். மாமனாரு கன்னடம் வேற பேசுவாரா, சரி, சாமி கர்நாடகத்துல இருக்குன்னு முடிவே பண்ணிட்டோம். என் புள்ளையும் பேரனும் லீவு நாளானா வண்டி எடுத்துக்கிட்டு அங்க ஒவ்வொரு ஏரிக்கரையாப் போய் நின்னாங்க. ஒரு பெரியவரு கேட்டாராம், "ஏரியையா தொலைச்சுட்டீங்க? எங்க ஏரியில பாதி மனை போட்டு வித்தாச்சு, மீதி இருக்கறதை நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னு.

இந்தத் தூத்துக்குடிப் புள்ளைக்குக் கம்பெனியில என்ன வேலைன்னா, செஞ்ச சாமானை வரைபடத்தோட வெச்சுப் பாத்து, மயிரளவு பிசகினாலும் திருப்பி அனுப்பறது. அந்தக் கண்ணு வீட்டுலயும் சும்மா இருக்குமா? வெள்ளைக்காரன் காலத்து ஜனக்கணக்கு, பழைய மேப்பு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல எறக்கி வெச்சுக்கிச்சு. எனக்கு எழுத்து தெரியாது, ஆனா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அடேயப்பா, என்னமா வரைஞ்சிருக்காங்க! மலையெல்லாம் கம்பளிப்புழு படுத்திருக்கற மாதிரி. ஏரி, கோயிலு, ஒத்தையடிப் பாதை எதையும் விடல. யானை திரியற காட்டுல சங்கிலியைப் புடிச்சு இழுத்துக்கிட்டே நடந்து அளந்தாங்களாம். மதியத்துக்கு என்ன சாப்பிட்டிருப்பாங்களோ பாவம்.

ஆனேக்கல் பக்கம் ஒண்ணும் ஒத்து வரல. ஒரு நாளு அந்தப் புள்ள திடீர்னு என்னைப் பாத்துக் கேட்டுச்சு. இங்க எல்லாருக்கும் நான் அவ்வா, அதுக்கு மட்டும் ஆச்சி.

"ஆச்சி, நீங்க கல்யாணமாயி வந்த வீட்டுலயும் மேக்க பாத்துத்தான் தேங்கா ஒடச்சீயளா?"

"ஆமா, அங்க உடைச்ச மாதிரிதானே இங்கயும் உடைக்கறோம்."

அது தலையில கையை வெச்சுக்கிச்சு. "அப்ப கோடு அங்கருந்துல்லா போடணும்! நாம வீட்ட மாத்துனோம், சாமி எடம் மாறலயே ஆச்சி!"

என் பேரன் மொகத்தைப் பாக்கணுமே. "அப்ப ஆனேக்கல்ல நான் விழுந்து கும்பிட்டதெல்லாம்?"

"அது யாரு சாமியோ, அதுவும் உன்னை நல்லா வெக்கட்டும்"னேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து மேக்கே கோடு இழுத்தா ஜவளகிரி தாண்டி, காட்டோரம். அங்க ஒரு ஏரி, ஏரிக்கரையில கோயில் குறி. ஊரு பேரும் போட்டிருக்கு. ஜனக்கணக்குல பாத்தா பேரு இருக்கு, ஆளு மட்டும் ஒருத்தரும் இல்ல. "ஆளே இல்லாத ஊருல எப்படிப் பொறப்பாரு? அடுத்ததைப் பாரு"ன்னுட்டான் பேரன். இந்தப் புள்ள விடல. அதுக்கும் முந்தின கணக்கை எடுத்துச்சு. அதுல குடி இருந்திருக்கு! கொஞ்சம் வீடு, கொஞ்சம் ஜனம். அடுத்த கணக்குல ஒருத்தரும் இல்ல. காய்ச்சல்ல போனவங்க போக, மிச்சம் இருந்தவங்க எழுந்து போயிட்டாங்க போல.

"ஆளில்லாத ஊரை எதுக்கும்மா திரும்பத் திரும்ப எழுதினாங்க?"

"ஊரு இருக்குல்லா ஆச்சி, எல்லைக்கல்லு இருக்குல்லா. ஆளு இல்லன்னு எழுதணும்னாலும் மொதல்ல ஊரு பேர எழுதணும்லா."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணுலயும் தண்ணி வந்துச்சு. நாங்களே மறந்த ஊரை, முகம் தெரியாத எத்தனை பேரு விடாம எழுதி வெச்சிருக்காங்க பாரு! இனிமே கணக்கெடுக்க யாரு வந்தாலும் மோரு குடிக்காம என் வாசலைத் தாண்ட விடமாட்டேன்.

போன ஞாயித்துக்கெழமை போயிட்டே வந்துட்டோம். ஃபாரஸ்ட்டு ஆளுங்க கிட்ட சொல்லிட்டு, மாடு மேய்க்கறவரு ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிக்கிட்டோம். உண்ணிச்செடி ஆளுயரம். வழியெல்லாம் யானை லத்தி. செடியை விலக்குனா, ஏரிக்கரையில அம்மன், பக்கத்துல அந்தக் கல்லு! மீசை வெச்ச ஆளு, ஈட்டி, வாயைப் பொளந்த புலி. அம்மன் முன்னாடி காஞ்ச பூவும் ராகிக் களி உருண்டையும் இருந்துச்சு. யாரு வெச்சதுன்னேன். "நாங்கதான் அவ்வா. கட்டுச்சோறு பிரிச்சா முதல் உருண்டை இவளுக்கு. உங்க சாமின்னு எங்களுக்கு என்ன தெரியும்?"னாரு அந்த மனுசன். அவரு கையைப் புடிச்சுக்கிட்டேன் கண்ணு, விடவே மனசு வரல.

தேங்கா உடைக்கலாம்னா, எந்தப் பக்கம் திரும்பறதுன்னு எங்க யாருக்கும் தெரியல. எத்தனை வருசமா மேக்கே பாத்தே பழக்கம்! அம்மன் மொகத்தைப் பாத்தேன். அவ கிழக்கே பாத்து உக்காந்திருக்கா. நேரா தேன்கனிக்கோட்டையைத்தான். இத்தனை காலமும் நாங்க அவளைப் பாத்து நின்னோம், அவ எங்களைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா.

வர்ற வெள்ளிக்கெழமை அங்கதான் முடி எறக்கறோம். சம்பந்தியம்மா கெளம்பி வர்றாங்க, கடக்கரைப் பேச்சே எடுக்கல. நீயும் வரணும். ஊரு பேரா? அது முடி எறக்குனப்புறந்தான் வாயில வரும், அப்படி வேண்டியிருக்கேன்.

இரு, கொள்ளுப்பேத்தி எந்திரிச்சுட்டா. பாரு அந்தத் தலையை, பறவை கூடு கட்டுன மாதிரி. சீப்பைக் கண்டாலே கத்துவா. வெள்ளிக்கெழமை வரைக்கும் சிக்கு விழாம காப்பாத்தணுமே, சாமிக்குப் போற முடியாச்சே. அந்த எண்ணெய்க் கிண்ணத்தை இப்படித் தள்ளு கண்ணு. அடியே, ஓடாத, நில்லு!