எண்ணெய் டின்னில் கிடந்த ஊசி

ஊசி போடும் தொழிலில் வாடிக்கையாளர் யாரும் நமக்கு முகத்தைக் காட்டி நிற்பதில்லை. கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்து நொந்துபோன உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிதில் நான் காஜா பெராங் வட்டாரத்தில் ஒரு டாக்டரிடம் தாதியாக இருந்தேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் ஊருக்கு நான் ‘மிஸ்ஸி’தான்.

இடது கைக்கு மட்டும்

முனியாண்டி ரப்பர் கிடங்கில் பாரம் தூக்குகிறவர். மாலையானால், சிட்டிகள் என்ற பழைய தமிழ் வம்சத்தார் குடியிருக்கும் கம்பத்துப் பக்கம் ஒரு கொட்டகையில், சிமெண்டில் வார்த்த பளுவைத் தூக்குவார். கட்டழகர் போட்டியில் நிற்க வேண்டும் என்று ஆசை. ஒருநாள் கைக்குட்டையில் சுற்றிய கண்ணாடிக் குப்பிகளோடு வந்தார். ஆண் சுரப்பு குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் எண்ணெய் மருந்து அது. சிங்கப்பூர் போய்வந்த யாரோ, இதைப் போட்டால் தசை ஏறும் என்று விற்றிருக்கிறார்கள்.

டாக்டர் முடியாது என்றார். நோயில்லாத உடம்பில் இதை ஏற்றினால் ஈரல் கெடலாம், பிள்ளைப்பேறும் தட்டிப்போகலாம் என்று பொறுமையாகச் சொன்னார். முனியாண்டியும் பொறுமையாகத் தலையாட்டினார். டாக்டர் உள்ளே போனதும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார். எண்ணெய் ஊசியை அங்கே போட மாட்டோம், பிட்டத்தின் மேலோரத்தில்தான் போடுவோம், உங்களுக்கு அங்கேயும் கிடையாது என்றேன். குத்துகிற தசைதான் வளரும் என்பது அவர்கள் கொட்டகைச் சாஸ்திரம். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வலது பரவாயில்லை மிஸ்ஸி, இடதுதான் சதை ஒட்ட மாட்டேங்குது. இதுக்கு மட்டும் போட்டுடுங்க.”

சாய்ந்த மலை

கொட்டகையை நடத்தியவர் ஒரு சிட்டி. பெயர் தமிழ், பேச்சு மலாய். கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாத உடம்பு. காலில் ஆணி ஏறிவிட்டதென்று வந்தார். அந்த நாளில் ஒரு தடவை போட்ட ஊசியைத் தூக்கி எறியும் வழக்கம் இல்லை. கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் ஒவ்வொருவருக்கும் கொதிக்க வைத்து எடுப்போம். தண்ணீர் கொதிக்கும் சத்தத்திலேயே அவருக்கு வியர்த்துவிட்டது.

நான் ஊசியோடு திரும்பியபோது ஆள் தரையில் கிடந்தார். தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. சரி, தொந்தரவு இல்லாத நோயாளி என்று விழுந்த இடத்திலேயே போட்டு முடித்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தவர், வலித்ததா என்று என்னிடமே விசாரித்தார். “சாக்கிட் கா, மிஸ்ஸி?”

மினுக்கும் எண்ணெய்

இந்த லட்சணத்தில் இருந்தவர்கள் தாங்களே குத்திக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. சில வாரம் கழித்து முனியாண்டியை அவர் மனைவி பாக்கியம் திரிஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். இடது கை முழங்கைக்கு மேலே வீங்கிப் பளபளத்தது; தொட்டால் சுட்டது. டாக்டர் அதட்டிக் கேட்டதும் விஷயம் வந்தது. கொட்டகையில் எல்லோருக்கும் ஒரே சிரிஞ்ச். மேடையில் உடம்பு மினுங்கப் பூசிக்கொள்ளும் தேங்காய் எண்ணெய் டின்னிலேயே அதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கொதிக்க வைத்ததே இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் நோயாளி என்றும் பார்க்காமல் கத்தினேன். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கையை எடுக்க வேண்டி வந்தாலும் வரலாம் என்று பாக்கியத்திடம் மறைக்காமல் சொன்னார். அவள் இடுப்பில் கைக்குழந்தை. கை போனால் கிடங்கு வேலை போகும், அப்புறம் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. முனியாண்டிக்கோ நான் ஏன் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை. “மருந்தே எண்ணெய்தானே மிஸ்ஸி. துரு பிடிக்கக்கூடாதுன்னுதான் எண்ணெயில வெச்சோம்.”

பாக்கியம் பார்க்காதது

கையை எடுக்கவில்லை. கீறிச் சீழை எடுத்தார்கள். பாடுபட்டு வளர்த்த தசையும் கொஞ்சம் அதோடு போனது. கட்டு மாற்ற எங்களிடம் வருவார். விரலை மடக்குங்கள் என்றால் மடக்க மாட்டார். மடக்கப் போய், அது மடங்காமல் போய்விட்டால் என்ற பயம். கை வருமா என்று பாக்கியம் வரும்போதெல்லாம் கேட்பாள். தெரியாது என்று சொல்ல எனக்கு மனசு வராது. பஞ்சை எடுக்கிற சாக்கில் அலமாரிப் பக்கம் போய்விடுவேன்.

ஒருநாள் அவள் குழந்தையைப் படுக்கையில் அவருக்கு இடப்பக்கமாகக் கிடத்திவிட்டு மருந்து வாங்கப் போனாள். குழந்தை புரண்டு விளிம்புக்குப் போய்விட்டது. நான் ஓடுவதற்குள் அந்த இடது கை நீண்டு குழந்தையின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. முனியாண்டி தன் விரல்களைப் பார்த்து அழுதார். நானும் அழுதேன், வெட்கப்படவில்லை. என்னவோ ஏதோ என்று பாக்கியம் ஓடிவந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் குழந்தையைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் கிடத்தினாள். “இன்னொரு தடவை பிடிங்க. நான் பார்க்கலை.”

ஊசி போடச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். போட மாட்டேன் என்று அனுப்பிய ஆள் வேறெங்கும் போய்க் குத்திக்கொள்ளாமல் தடுக்கும் வித்தைதான் ஓய்வு பெறும்வரை எனக்குக் கைவரவில்லை.