வேண்டாம் என்று ஆடிய தலை

சோபோத் மலைச்சரிவில் பறக்கப் பழகியவர்களுக்கு மெத்தோடியின் தொண்டையை மறக்க முடியாது. "ஓடு! ஓடு! கால் தரையை விட்டாலும் ஓடு! உக்காராத!" என்று அவன் போடும் சத்தம் கீழே ரோஜாத் தோட்டம் வரை கேட்கும். துணி இறக்கையைக் கட்டிக்கொண்டு பறக்கும் பாராகிளைடிங் பழக வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி. கால் ஒரு சாண் எழும்பியதும் சோபாவில் சாய்கிற மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். இறக்கை தொய்ந்து, பின்பக்கம் தரையில் இடிபடும். மெத்தோடி திட்டுவான், இறக்கையை மறுபடி புல்லில் விரிக்கச் சொல்வான், கயிறு கயிறாகச் சிக்கெடுக்க வைப்பான். காற்று முகத்தில் அடித்தால் ஓடலாம், முதுகில் அடித்தால் படுத்துத் தூங்கலாம் என்பதுதான் அவனுடைய முதல் பாடம். அந்தச் சரிவை விட்டால் அவனுக்கு வேறு உலகம் கிடையாது.

அங்கிருக்கும் பறக்கும் பள்ளியை அவனும் யாவோரும் சேர்ந்து தொடங்கினார்கள். யாவோர் வெறும் கூட்டாளி இல்லை. மெத்தோடியின் கல்யாணத்தில் மணமக்கள் தலையில் கிரீடம் மாற்றிவிட்ட தோழன். எங்கள் பக்கம் அது கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேல்.

அன்று ஹாலந்திலிருந்து வந்த லீஸ்பெத் ஓடத் தயாராக நின்றாள். சற்றுத் தள்ளி இன்னொரு மாணவனின் இறக்கை திடீர்க் காற்றில் பொங்கி, அவனைத் தரதரவென்று இழுத்தது. மெத்தோடி பாய்ந்து இரண்டு கையாலும் துணியை அமுக்கிப் பிடித்தான். அதற்குள் காற்று முதுகுப் பக்கம் திரும்பிவிட்டது. 'போகட்டுமா?' என்று லீஸ்பெத் கட்டைவிரலைத் தூக்கினாள். அவனுக்குக் கை ஒழியவில்லை, கத்தினாலும் கேட்காது. தலையால் 'வேண்டாம்' என்றான்.

எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் தலை மேலும் கீழும் போகும். அவள் ஊரில் அதற்குப் பெயர் சரி.

அவன் கற்றுக்கொடுத்தபடியே நிற்காமல், உட்காராமல் ஓடினாள். விளிம்பில் இறக்கை சுருண்டு பாறைமேல் விழுந்தாள். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

வெளிநாட்டு மாணவர்களிடம் கையால்தான் பேச வேண்டும் என்பது பள்ளியின் விதி. அதை ஏற்படுத்தியதே மெத்தோடிதான். பதறிப்போன நேரத்தில் விதியா ஞாபகம் வரும்? பிறந்ததிலிருந்து ஆடிய தலை அதன் போக்கில் ஆடிவிட்டது.

அவள் ஊரிலிருந்து வக்கீல் வந்து விசாரித்தார். மெத்தோடி வேண்டாம் என்றுதான் சொன்னான் என்று யாவோர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனுடைய கற்றுக்கொடுக்கும் உரிமம் தப்பிவிடும். யாவோர் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தவன்.

"தலைய மேலயும் கீழயும் ஆட்டினான். என் கண்ணால பாத்தேன்" என்றான் யாவோர்.

"இங்கே அதற்கு வேண்டாம் என்று பொருளாமே?"

"அதெல்லாம் கிழவனுங்க பழக்கம் சார். அவனுக்கு ரெண்டும் தெரியும்."

உரிமம் போயிற்று.

"என்னடா சொல்லிட்டு வந்திருக்க? உங்கம்மா இன்னிக்கும் அப்படித்தானடா ஆட்டுறா!" வாசலில் மெத்தோடி அவன் சட்டையைப் பிடித்தான்.

"கத்தாதடா. நான் வேற மாதிரி சொல்லியிருந்தா, வெளியூர்க்காரங்களுக்குச் சரியாச் சொல்லிக் குடுக்கலன்னு பழி பள்ளிக்கூடத்து மேல விழும், இழுத்து மூடிடுவாங்க. ரெண்டு பேரும் மூழ்கணுமா? ஒருத்தனாவது மிஞ்சணும்ல?"

"அந்த ஒருத்தன் நீதான்னு எப்படா முடிவு பண்ணின?"

யாவோர் பள்ளி வேனின் சாவியை எடுத்து அவன் பையில் போட்டான், வெட்கங்கெட்டவன். "வண்டி ஓட்டு. உன்னப் பட்டினி போட மாட்டேன்."

சாவியை அவன் மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. ஊருக்கென்ன? ஆட்களை ஏற்றிக்கொண்டு போனாலாவது தினமும் சரிவைப் பார்க்கலாம். வேறு எந்த முகத்தோடு மெத்தோடி அங்கே ஏறுவான்?

இப்போதெல்லாம் யாவோர் புதுக் குழுவுக்கு முதல் பாடத்தை ஒரு வேடிக்கையோடுதான் ஆரம்பிக்கிறான். "எங்க ஊர்ல யார் தலையையும் நம்பாதீங்க, கைய மட்டும் பாருங்க!" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். முதன்முதலாக அப்படிச் சொன்ன அன்று, அவன் வேன் பக்கம் திரும்பினான்.

"மெத்தோடி, வேண்டாம்னு எப்படிச் சொல்லுவ? காட்டு பாப்போம்!"

மெத்தோடி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தலையை மேலும் கீழும் ஆட்டினான். கைதட்டினார்கள். ஒரு பெண் செல்போனை நீட்டி, இன்னொரு தடவை என்றாள்.

ஆட்டினான்.