ஹாத்தி என்ற ஒரு சொல்

மலாக்காவில் காஜா பெராங்கில் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டுச் சரஸ்வதி அக்கா நெற்றி நிறையத் திருநீறோடு வேலியோரம் வந்து நிற்பார். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். மலாக்காச் செட்டிகள் அப்படி: சாமி நம் சாமி, பேச்சு நம் பேச்சில்லை. நம் முகத்தை வைத்துக்கொண்டு அந்நியம் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சல்கூட வரும். நானோ கறிக்கடையில் ஆட்டீரலைக் காட்டிக் காட்டி 'ஹாத்தி' என்ற சொல்லைக் கற்றிருந்தேன். அந்த அரைகுறை மலாய்தான் என் குடியைக் கெடுத்தது.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருடம் தலைப்பிள்ளை பிறந்தான். சில நாளில் கண்ணும் உடம்பும் மஞ்சளாகிவிட்டன. ஊரில் காமாலை கண்டவர்களைப் பார்த்தவள் நான்; ஈரல் கோளாறு என்று புரிந்தது. கணவர் லாரியோடு சிங்கப்பூர் போயிருந்தார். வேலியருகே போய், "அனாக் சாக்கிட் ஹாத்தி" என்றேன். பிள்ளைக்கு ஈரல் நோவு என்று சொன்னதாக என் நினைப்பு. மலாயில் அதற்கு மனத்தாங்கல் என்று பொருள்.

அக்கா சிரித்துவிட்டார். "புடாக் கெச்சில், சாக்கிட் ஹாத்தி அப்பா?" பச்சைப்பிள்ளைக்கு என்ன மனத்தாங்கல் என்று கேட்டிருக்கிறார். நாலு பெற்றவர் சிரிக்கிறாரே, பயமில்லை போலும் என்று நானும் திரும்பிவிட்டேன். மறுநாள் பிள்ளையைப் பார்க்க வந்தவர்தான் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினார். அதற்குள் அவன் பால் குடிப்பதையே விட்டிருந்தான்.

"ஹாத்தி டியா பெலும் பாங்குன்" என்றார் தாதி. அவன் ஈரல் இன்னும் விழிக்கவில்லையாம். அன்று மாலையே போய்விட்டான்.

அவனுக்குப் பின் பிறந்த மகள் இப்போது உயிரியல் படிக்கிறாள். "ஈரல் செல்லுல எல்லா மரபணுவும் இருக்கும்மா. சில புரதம் போய் அதுமேல ஒட்டிக்கிட்டு எழுப்பினாத்தான் வேலை செய்யும். மஞ்சளை வெளியேத்துற மரபணு, பிள்ளை பொறந்த பிறகுதான் மெதுவா எழும்பும். அண்ணனுக்கு லேட்டாயிருக்கும்."

"இன்னும் ஒரு நாள் கெடச்சிருந்தா எழும்பியிருக்குமா?" என்று கேட்டேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மெர்டேக்கா வந்ததும் தெரிந்தவர்கள் பலர் ஊருக்குக் கப்பலேறினார்கள். மகள் அப்போது பிறக்கவில்லை. "கெளம்பலாம், ஒங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கறாங்க" என்றார் கணவர்.

"பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போறது?" என்றேன். அவர் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினார். அந்த மழைக்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஆடி அமாவாசைக்குக் கிளேபாங் கடற்கரைக்குப் போவேன். அம்மாவை நினைத்துக் கடலைப் பார்த்து நிற்கும்போதெல்லாம், மண்ணுக்குள் கிடக்கும் என் பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.