நீல மூடி டப்பா

பகல் இரண்டு பத்துக்குச் சமையலறைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது, தரையில் சிந்திக் கிடந்த மோர். அதன் பக்கத்தில் என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் கழுவும் மெஷின் வந்ததிலிருந்து அவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். மெஷின் கொள்ளும் அளவு பாத்திரம் சேர்ந்தால்தான் கையால் கழுவுவதைவிடச் செலவு குறையும். அதில் போடும் சோப்பு மாத்திரையும் விலை அதிகம். அதனால் போன மாதம் காளவாசல் கடை ஒன்றில் மெஷினுக்கான தூளைச் சில்லறையாக வாங்கி வந்தார்.

"மாத்திரை விலைக்கு எம்புட்டுத் தூளு பாத்தியா?"

"எதுல கொட்டி வைப்பீக?"

"உப்பு டப்பாவோட ஜோடி சும்மாத்தான கெடக்கு. யாருக்குச் சீர் குடுக்க வச்சிருக்க?"

சிரித்துவிட்டேன். இரண்டு டப்பாவுக்கும் ஒரே நீல மூடி.

அன்று வெயிலில் வந்தவர் உப்பென்று நினைத்து அந்தத் தூளை மோரில் போட்டுக் கலக்கியிருக்கிறார். குடித்தது ஒரு மடக்குதான். தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துவிட்டதாக மருத்துவமனையில் சொன்னார்கள்.

இப்போது எந்தச் சோப்புத் தூளையும் அது வந்த பெட்டியிலிருந்து மாற்றுவதில்லை, சமையலறையில் வைப்பதுமில்லை. கையால்தான் கழுவுகிறேன். அவர் கஞ்சித் தண்ணீர் மட்டும் குடிக்கிறார். மெஷின் கொள்ளும் அளவு எங்கள் வீட்டில் பாத்திரம் சேர்வதில்லை.